செனகலா, நைஜீரியாவா, கானாவா: பாடத்துக்கு எந்தப் புகையிலைச் சட்டம்?

பொது சுகாதாரம் படிக்கும் பிள்ளைகளை மேற்கு ஆப்பிரிக்காவின் ஏதாவது ஒரு புகையிலைச் சட்டத்தை வரிவரியாகப் படிக்க வைக்க வேண்டியிருந்தது. நைஜீரியா, கானா, செனகல் மூன்றையும் எடுத்துவைத்துப் பார்த்துவிட்டு நான் செனகலைத் தேர்ந்தெடுத்தேன். ஆங்கிலத்திலேயே இரண்டு சட்டம் இருக்கும்போது பிரெஞ்சில் இருப்பதை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

விளம்பரத் தடை, சிறுவர்களுக்கு விற்கத் தடை, பொது இடத்தில் புகைக்கக் கட்டுப்பாடு எல்லாம் மூன்றிலும் உண்டு, அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். கானாவில் இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது, 2012-ன் பொது சுகாதாரச் சட்டத்தில் ஒரு பகுதியாக வருகிறது. மற்ற இரண்டும் தனிச் சட்டங்கள்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது, சட்டம் நிறைவேறிய பிறகு அதை யார், எவ்வளவு சுலபமாக நடத்திக்கொண்டு போக முடியும் என்பதுதான். பாக்கெட்டில் எந்த எச்சரிக்கைப் படம், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது, அறிவிப்புப் பலகை எங்கே வைப்பது என்பதெல்லாம் பெரும்பாலும் அப்புறம் வரும் விதிமுறைகளில்தான் இருக்கும். அவை வராத வரைக்கும் சட்டத்தில் பாதி காகிதத்திலேயே தூங்கும்.

நைஜீரியாவில் இங்கேதான் சிக்கல். 2011-ல் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஜனாதிபதி குட்லக் ஜொனாதன் ஒப்புதல் தரவில்லை, பிறகு 2015 மே மாதம் பதவி முடியும் தறுவாயில் வேறொரு மசோதாவில் கையெழுத்திட்டார். அந்தச் சட்டமோ, சுகாதார அமைச்சர் எழுதும் விதிமுறைகளையும் இரு அவைகளும் ஏற்க வேண்டும் என்கிறது. அதாவது புகையிலை நிறுவனங்கள் உறுப்பினர்களைத் தங்கள் பக்கம் வளைக்க இன்னொரு வாசல். விதிமுறைகள் வர 2019 ஆனது. போதாததற்கு, ஆலோசனைக் குழுவில் உற்பத்தியாளர் சங்கத்துக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். புகையிலைக் கொள்கை வகுப்பதில் அந்தத் தொழிலின் தலையீடு கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை சொல்லும்போது இது எனக்கு ஏற்கவே முடியாத ஓட்டை.

கானாவில் வழி சுலபம். விதிமுறையை நாடாளுமன்றத்தில் வைத்தால் போதும், 21 அமர்வு நாட்களுக்குள் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் எதிர்க்காவிட்டால் அது சட்டமாகிவிடும். ஆனாலும் 2012 சட்டத்துக்கு விதிமுறை 2016-ல்தான் வந்தது, எச்சரிக்கைப் படம் பாக்கெட்டில் ஏற 2018. ஆக, வழி சுலபமாக இருப்பது மட்டும் போதாது, ஆட்சியில் இருப்பவர்களுக்கு அவசரமும் வேண்டும்.

செனகலில் சட்டம் 2014 மார்ச், அதை நடைமுறைப்படுத்தும் ஆணை 2016 ஜூலை, அடுத்த வருடம் படம் போட்ட பாக்கெட் கடையில். இத்தனைக்கும் செனகலின் தலைநகர் டக்காரில் சிகரெட் ஆலையே இருக்கிறது, அதனால் தன் இபாதான் நகரில் ஆலை இருப்பதால்தான் நைஜீரியா தடுமாறியது என்ற சமாதானம் என்னிடம் எடுபடாது. எச்சரிக்கையின் அளவும் பெரியது: பாக்கெட்டின் இரு முகப்புகளிலும் 70 சதவீதம். நைஜீரியாவிலும் கானாவிலும் தொடங்கியது 50-ல். பள்ளிகளைச் சுற்றி 200 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று தூரத்தையும் அளந்தே சொல்லியிருப்பது வகுப்பில் விவாதிக்க ரொம்பவே உதவியது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும், இதெல்லாம் எழுத்தில் இருக்கும் சட்டத்தைப் பற்றிய தீர்ப்பு. தெருவில் கதை வேறு. இந்தப் பகுதி முழுக்கச் சின்னக் கடைகளில் திறந்த பாக்கெட்டிலிருந்து ஒற்றை சிகரெட்டாக எடுத்துக் கொடுப்பது சாதாரணம். ஒன்று வாங்கிப் போகிறவர் கண்ணில் அந்த 70 சதவீதப் படம் படவே படாது. ஒற்றையாக விற்கக் கூடாது என்று நைஜீரியச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது, விற்பனை நடந்துகொண்டுதான் இருக்கிறது. செனகலின் வேகத்தைப் பார்த்து அங்கே புகைப்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

நைஜீரியாவை முழுக்க ஒதுக்கவும் மனம் வரவில்லை. 2023 டிசம்பரில் அங்கிருக்கும் போட்டி மற்றும் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ என்ற சிகரெட் நிறுவனத்தை 11 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொள்ள வைத்தது. புகையிலைச் சட்டத்தை மட்டும் நம்பாமல் சந்தைப் போட்டிச் சட்டத்தையும் கையில் எடுத்த வழக்கு அது. எனவே அமலாக்கம் பற்றிய வகுப்புக்கு அதை வைத்துக்கொண்டு, சட்டம் எழுதுவது பற்றிய வகுப்புகள் முழுவதையும் செனகலுக்கே கொடுத்துவிட்டேன்.