தனி ரிங்கா, ஒரே துண்டு மவுன்டா: இரண்டு வருடம் கழித்து

உசிலம்பட்டி மச்சான் ஏர் ரைஃபிள் வாங்கிவிட்டார், குறிபார்க்கும் குழலான ஸ்கோப்பும் வந்தாச்சு. "மாப்ள, ரெண்டு தனி ரிங் போடவா, ஒரே துண்டா வர்ற மவுன்ட் போடவா?" என்று நேற்று கேட்டார். ஸ்கோப்பைத் துப்பாக்கி மேல் பிடித்து நிறுத்தும் பிடிமானத்தைத்தான் கேட்கிறார். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை.

என்னுடையது 4.5 மி.மீ. பிரேக் பேரல், அதாவது குழலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் வகை. முதலில் தனி ரிங்தான் போட்டேன். வாடிப்பட்டி பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் மணல் மூட்டைக்கு முன்னால் அட்டையை நிறுத்தி, 25 மீட்டரில் ஜீரோ செய்தேன், அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைத் திருத்தினேன். பத்து பெல்லட் (குண்டு) நன்றாக விழுந்தது. அப்புறம் குறி நகர ஆரம்பித்தது. என் மூச்சில்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீணாக்கினேன். கடைசியில் பின் ரிங்குக்குப் பின்னால் ஒட்டி, துப்பாக்கி மேல் ரிங் கவ்வும் தடமான ரயிலில் ஒரு பென்சில் கோடு போட்டுப் பார்த்தேன். முப்பது பெல்லட் சுட்டதும் கோட்டைக் காணோம், ரிங் அதன் மேலேறி நின்றது. முன் ரிங் இருந்த இடத்தில் கறுப்புப் பூச்சு வழித்தெடுத்தாற்போல் வெள்ளையாகத் தெரிந்தது.

காரணம் ஸ்பிரிங்தான். அது தள்ளும் பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் முனையில் போய் நின்றதும் அதே துப்பாக்கி வெடுக்கென்று முன்னால் இழுக்கும். ஸ்கோப் அந்த வேகத்துக்கு வராமல் பின்தங்க, மவுன்ட் ரயிலில் பின்னால் வழுக்கும். வெடிமருந்துத் துப்பாக்கியில் நன்றாக உழைக்கிற ஸ்கோப்கூட இந்த இரட்டை உதைக்கு உள்ளே கழன்றுபோவதுண்டு.

அப்புறம்தான் ஸ்டாப் பின் (வழுக்காமல் தடுக்கும் முளை) உள்ள ஒரே துண்டு மவுன்டுக்கு மாறினேன். ரயிலில் இருந்த எண்ணெயைத் தின்னர் போட்டுத் துடைத்து, அந்த முளையை ரிசீவர் (துப்பாக்கியின் உடல் பகுதி) மேல் இருக்கும் துளையில் இறக்கி முடுக்கினேன். இரண்டு வருடமாக மயிரிழைகூட நகரவில்லை. அந்த விஷயத்தில் குறையே சொல்ல முடியாது.

ஆனால் என் கழுத்து! துளை இருக்கும் இடத்தில்தான் மவுன்ட் உட்காரும். ஸ்கோப்பைப் பின்னால் தள்ளினால் ஸ்கோப் நடுவில் குறியைத் திருத்தும் திருகுகள் உள்ள மேடு ரிங்கில் இடிக்கிறது. முழு வட்டம் தெரிய, ஒவ்வொரு முறையும் கன்னத்தை முன்னால் நீட்ட வேண்டியிருக்கிறது. ஐம்பது பெல்லட்டில் பிடரி கடுக்கிறது. போன மாதம் ஸ்பிரிங் மாற்றக் கொடுத்த கடையில் மவுன்டைத் திரும்பப் போட்டபோது, ஒரு பக்கத் திருகை முழுக்க இறுக்கிவிட்டுத்தான் மறுபக்கத்துக்குப் போயிருக்கிறார்கள். ஸ்கோப் குழலில் நகம் தட்டுகிற அளவுக்குப் பள்ளம். ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தைக் கையில் பிடித்து, குறுக்கு மறுக்காக, இரண்டு பக்க இடைவெளியும் சமமாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இறுக்க ஐந்து நிமிடம் ஆகுமா? இன்னும் ஆறவில்லை எனக்கு.

பிக்காட்டினி ரிங் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிடாதீர்கள் மச்சான். அது 21 மி.மீ. அகல ரயிலுக்கானது, உங்களுடையது 11 மி.மீ. டவ்டெயில் என்கிற குறுகலான ரயில். தனி ரிங்கே வாங்குங்கள், ஒரு ரிங்கிலாவது ஸ்டாப் பின் இருக்கிறதா என்று பார்த்து. இன்னொன்றைக் கண்ணுக்குத் தோதாக நகர்த்திக்கொள்ளலாம். எனக்கும் ஒரு ஜோடி சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.