தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ்: மாடியே இல்லாத மாடிக் கட்டடம்

திருவனந்தபுரத்தில் ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தால் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து கொட்டாவி விடாதீர்கள். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே செங்கல் சிவப்பில் உருளையாக ஒரு கட்டடம் நிற்கும், அதுதான் இந்தியன் காபி ஹவுஸ். பூசாத செங்கல் கட்டடங்களுக்குப் பேர்போன கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்தது. நம் பக்கம் பூசாத செங்கல் சுவர் எதைப் பார்த்தாலும் 'பேக்கர் வீடு' என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் அவரே வடிவமைத்த ஒன்றுக்குள் உட்கார்ந்து நிதானமாக மசால் தோசை சாப்பிடும் யோகம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

உள்ளே தரைதளம், முதல் மாடி என்று எதுவும் கிடையாது. வாசலில் தொடங்குகிற சரிவுப் பாதை அப்படியே சுழன்று சுழன்று மேலே போகிறது, வெளிச் சுவரை ஒட்டி வரிசையாக மேசைகள். நாற்காலியும் இல்லை, மேசையும் பெஞ்சும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டியவை. பாதைதான் சரிவு, மேசை மட்டம், அதனால் காபி சிந்துமோ என்ற பயம் வேண்டாம். நியூயார்க்கில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த குகன்ஹைம் மியூசியம், 1959இல் திறந்தது, அதுவும் இதே சுழல் பாதை யோசனைதான். அங்கே ஓவியம் பார்க்க, இங்கே கட்லெட் தின்ன. எனக்கு இதுதான் கூடுதல் புத்திசாலித்தனமாகப் படுகிறது, ஏனென்றால் குறுகலான மனையில் படிக்கட்டுக்கென்று தனியாக இடம் விடாமல், நடக்கிற வழியையே ஹோட்டலாக்கிவிட்டார் மனுஷன்.

ஜன்னலுக்குப் பதில் சுவர் முழுக்கச் சின்னச் சின்னத் துளைகள், கொத்தனார்கள் ஜாலி என்பார்களே அதுதான். வெயில் துண்டு துண்டாக மேசையில் விழும், வெளியே பஸ் ஸ்டாண்டின் அமளி, உள்ளே காற்று. கேரள வெக்கைக்குக் கண்ணாடிப் பெட்டி கட்டி ஏசி போடுகிறவர்கள் இங்கே ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்க்கலாம்.

சாப்பாடு? சரி, அதையும் சொல்கிறேன். தலையில் விசிறித் தலைப்பாகையோடு சர்வர்கள் வருவார்கள். மசால் தோசையைப் பிய்த்தால் உள்ளே சிவப்பாக இருக்கும், பதறாதீர்கள், பீட்ரூட். கட்லெட்டும் அதே கதை. எனக்குப் பிடித்தது, கூட வந்த மச்சானுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. கும்பகோணம் டிகிரி காபியை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், இது வேறு சுவை.

ஒன்று மட்டும். பெஞ்சை நகர்த்த முடியாது, எட்டுப் பேர் போனால் பிரிந்துதான் உட்கார வேண்டும், முட்டி வலிக்காரர்களைக் கீழ் மேசையிலேயே உட்கார வைத்துவிடுங்கள். மற்றவர்கள் எவ்வளவு மேலே இடம் கிடைக்கிறதோ அவ்வளவு மேலே போங்கள். இறங்கும்போது ஒவ்வொரு மேசையையும் கடந்துதான் வந்தாக வேண்டும், யார் தட்டில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். நான் அப்படித்தான் பாதி வழியில் ஒரு ஆம்லெட்டைப் பார்த்துவிட்டு, காலியாக இருந்த பக்கத்து மேசையில் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.