தட்டைப் பலகையா, யூ சட்டமா, ஹெச் சட்டமா: ஓப்பன் பாஃபிள் ஸ்பீக்கர் ஓர் அலசல்

பிளைவுட் பலகையில் வட்டமாக ஓட்டை வெட்டி, ஊஃபரை (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) அதில் திருகி, பின்பக்கத்தை மூடாமல் நிறுத்தினால் அதுதான் ஓப்பன் பாஃபிள். பெட்டி கிடையாது. பெட்டிக்குள் அடைபட்டு உறுமும் காற்றும் கிடையாது. மனிதக் குரலும் வயலினும் அதில் ஒலிக்கும் விதத்தைக் கேட்டபின் எனக்குப் பெட்டிக்குத் திரும்ப மனம் வரவில்லை. ஆனால் பலகை எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதில் கட்டுபவர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. தட்டையாக விடுங்கள் என்பார் ஒருவர். பக்கச் சுவர் வைத்து யூ வடிவமாக்குங்கள் என்பார் இன்னொருவர். ஹெச்தான் சரி என்பார் மற்றொருவர். மூன்றையும் கட்டி, மைக் வைத்து அளந்தபின் நான் வந்து நின்ற இடம் இது: பாஸுக்கு, அதாவது தாழ்ந்த ஒலிக்கு, ஹெச் சட்டம்; குரல் இருக்கும் நடுப்பகுதியான மிட்ரேஞ்சுக்கு முடிந்தவரை ஒடுங்கிய தட்டைப் பலகை. காரணங்களைக் கணக்கோடு சொல்கிறேன்.

சுற்றுத் தூரம்

ஸ்பீக்கரின் கூம்பு முன்பக்கக் காற்றைத் தள்ளும் அதே நொடியில் பின்பக்கக் காற்றை இழுக்கிறது. பின்பக்க அலை (பின்னலை) பலகையின் ஓரத்தைச் சுற்றி முன்னால் வந்து முன்பக்க அலையோடு (முன்னலை) கலக்கிறது. அது கூடுதலாகக் கடக்கும் தூரத்தைச் சுற்றுத் தூரம் என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தூரம் அலைநீளத்தில் பாதியாக இருக்கும் அதிர்வெண்ணில் இரண்டு அலைகளும் சேர்ந்து 6 டெசிபல் கூட்டிக் கொடுக்கும். முழு அலைநீளம் ஆகுமிடத்தில் ஒன்றையொன்று அழித்துவிடும். அலைநீளத்தில் ஆறில் ஒரு பங்காக இருக்குமிடத்தில் மூடிய பெட்டி தரும் அதே சத்தம் கிடைக்கும். அதற்குக் கீழே ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 6 டெசிபல் வீதம் சரிந்துகொண்டே போகும். ஊஃபரின் சொந்த ஒத்ததிர்வையும் (அது இயல்பாக ஆடும் அதிர்வெண்) தாண்டிக் கீழே போனால் அதன் 12 டெசிபல் சரிவும் சேர்ந்து 18 ஆகிவிடும்.

60 செ.மீ. விட்டமுள்ள வட்டப் பலகையின் நடுவில் சின்ன ஸ்பீக்கர் ஒன்று இருப்பதாகக் கொள்ளுங்கள். சுற்றுத் தூரம் 30 செ.மீ. சுமார் 190 ஹெர்ட்ஸில் பெட்டிக்குச் சமம், 570 ஹெர்ட்ஸில் மேடு, 1140 ஹெர்ட்ஸில் பள்ளம். பலகை வெட்டும் முன் இந்த மூன்று எண்களையும் தாளில் எழுதிவைப்பது என் வழக்கம்.

இன்னொரு விஷயம், கூம்பின் ஆட்டம். மூடிய பெட்டியில் ஒரு ஆக்டேவ் கீழே போய் அதே சத்தம் வேண்டுமென்றால் கூம்பு 4 மடங்கு ஆட வேண்டும். இங்கே 8 மடங்கு. 15 அங்குல ஊஃபர், கூம்பின் பரப்பு 850 சதுர செ.மீ., ஒரு பக்கம் 8 மி.மீ. ஆட்டம் என்று எடுத்துக்கொண்டால், 40 ஹெர்ட்ஸில் மூடிய பெட்டியில் 1 மீட்டரில் ஏறக்குறைய 103 டெசிபல் வரும். சுற்றுத் தூரம் 40 செ.மீ. உள்ள திறந்த சட்டத்தில் அதே கூம்பு, அதே ஆட்டத்தில், 92 டெசிபலைச் சற்றே தாண்டும். தரை, சுவர் எதுவும் இல்லாத வெளியில் என்ற கணக்கு இது. இந்த 11 டெசிபலை ஆம்பின் பவரைக் கூட்டி மீட்க முடியாது, ஏனென்றால் கூம்பு ஏற்கெனவே எல்லையில் நிற்கிறது. இன்னொரு ஊஃபரைச் சேர்த்தால் 6 டெசிபல் திரும்பக் கிடைக்கும். ஒவ்வொரு பக்கமும் இரண்டு பெரிய ஊஃபர் வைப்பது ஆடம்பரத்துக்காக இல்லை.

தட்டைப் பலகை

கட்ட எளிது. ஒரு மாலையில் முடிந்துவிடும். காற்று அடைபடும் குழி எங்கும் இல்லாததால் குழி ஒலி என்ற தொல்லையே வராது. முன்னும் பின்னும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிக்கும். மிட்ரேஞ்சுக்கு இதைவிடச் சுத்தமான வழியை நான் பார்க்கவில்லை.

பாஸ் என்று வரும்போதுதான் சிக்கல். 40 செ.மீ. சுற்றுத் தூரம் வேண்டுமென்றால் பலகை 80 செ.மீ. அகலம் ஆகிவிடும். அறை நடுவில் கதவைக் கழற்றி நிறுத்தியது போல இருக்கும். அந்த அகலம் மிட்ரேஞ்சையும் கெடுக்கும், மேடும் பள்ளமும் குரல் இருக்கும் பகுதிக்கே இறங்கி வந்துவிடும். ஸ்பீக்கரை நடுவிலிருந்து தள்ளி வைத்தால் நான்கு ஓரங்களுக்கும் தூரம் வெவ்வேறாகி, பள்ளம் ஓரளவு நிரவப்படும். இது உண்மையில் பலன் தருகிறது, ஆனால் முழுக் குணம் இல்லை. அப்புறம், அகலமான பலகை அதிரும். ஊஃபரின் எடை மொத்தமும் ஒரே தகட்டில் தொங்குவதால் 18 மி.மீ. பிளைவுட்டும் பின்னால் தாங்குசட்டம் இல்லாமல் ஆடும். பாட்டு ஓடும்போது விரல் நுனியை வைத்தாலே தெரிந்துவிடும்.

யூ சட்டமும் ஹெச் சட்டமும்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பலரும் இவை இரண்டையும் ஏறக்குறைய ஒன்று என்றே நினைக்கிறார்கள்.

யூ சட்டத்தில் ஊஃபர் முன் முகப்பிலேயே இருக்கும், பக்கச் சுவர்கள் பின்னால் நீளும். ஹெச் சட்டத்தில் ஊஃபர் நடுவில் இருக்கும், சுவர்கள் முன்னும் பின்னும் சம அளவு நீளும். இரண்டுக்கும் மொத்த ஆழம் 40 செ.மீ. என்றால் இரண்டின் சுற்றுத் தூரமும் ஏறக்குறைய ஒன்றே, ஆகவே ஆழ் பாஸின் அளவும் ஒன்றே. வேறுபாடு குழியில் இருக்கிறது. ஒரு முனை மூடி மறுமுனை திறந்த குழி, தன் நீளம் கால் அலைநீளமாகும் அதிர்வெண்ணில் கூவும். யூ சட்டத்தின் குழி 40 செ.மீ., கணக்குப்படி 214 ஹெர்ட்ஸில் கூவும். ஹெச் சட்டத்தில் 20 செ.மீ. குழிகள் இரண்டு, அவை கூவுவது 429 ஹெர்ட்ஸில். வாயில் இருக்கும் காற்றும் சேர்ந்து ஆடுவதால் நடைமுறையில் இரண்டுமே இதைவிடக் கீழே இறங்கும். ஆனாலும் ஒரு ஆக்டேவ் இடைவெளி ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

இந்த ஒரு ஆக்டேவை நான் பெரிதாக மதிக்கிறேன். 120 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி ஊஃபருக்குப் போகாமல் வெட்டுகிறேன். யூ சட்டத்தின் கூவல் அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவுள்ள லிங்க்விட்ஸ்-ரைலி வகை வடிகட்டி வைத்தாலும் ஆண் குரலில் ஒரு கனத்த முனகல் ஒட்டிக்கொள்கிறது. ஹெச் சட்டத்தில் அதே வடிகட்டி கூவலைக் காதுக்குத் தெரியாத அளவுக்கு அமுக்கிவிடுகிறது. மேலும் ஹெச் முன்னும் பின்னும் ஒரே உருவம். அதனால் எட்டு (8) வடிவ ஒலிப்பரவல் குலையாமல் நிற்கிறது, பக்கவாட்டில் சத்தம் நன்றாக அடங்குகிறது. யூ சட்டத்தில் அந்த அமைதி பின்பக்கமாகச் சாய்ந்துவிடும்.

யூ சட்டத்துக்கும் ஒரு நல்ல காலம் உண்டு. குழிக்குள் கம்பளி அல்லது பாலியெஸ்டர் பஞ்சு அடைத்தால் பின்னலை தாமதமாகி, மெலிந்து வெளிவரும். பரவல் இதய வடிவத்தை நோக்கி நகரும், பின்னால் ஒலி குறையும், முன்னால் கொஞ்சம் கூடும். தாமதம் சரியாக அமைந்தால் கணக்குப்படி முன்பக்கம் 6 டெசிபல் வரை லாபம். சுவரிலிருந்து தள்ளி வைக்கவே வழியில்லாத அறை என்றால் நானும் யூ சட்டத்தைத்தான் கட்டுவேன். ஆனால் பஞ்சு எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. 60 ஹெர்ட்ஸில் இதயமாக இருப்பது 150 ஹெர்ட்ஸில் வேறொன்றாகிவிடும். கொஞ்சம் அடைத்து, அளந்து, மறுபடி எடுத்து, மறுபடி அளந்து என்று பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை.

டபிள்யூ சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஊஃபர்களை எதிரெதிராக ஆடும்படி மடித்துக் கட்டுவதால் உதைப்பு ஒன்றையொன்று ரத்து செய்து சட்டம் அசையாமல் நிற்கும். ஹெச் சட்டத்தில் இரண்டு கூம்புகளும் ஒரே திசையில் ஆடுவதால் உதைப்பு கூடவே செய்யும், எனவே அடிப்பலகை கனமாக இருக்க வேண்டும். ஆனால் டபிள்யூவின் மடிப்புகளை வெட்டிச் சேர்க்கத் தச்சுவேலை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஹெவ்லெட்-பேக்கர்டில் பொறியாளராக இருந்து, பெட்டியில்லா ஸ்பீக்கர்களுக்காகப் பல ஆண்டுகள் உழைத்து 2018இல் மறைந்த சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ், தன் எல்எக்ஸ்521 வடிவமைப்பில் ஊஃபர்களுக்கு வி வடிவச் சட்டமும், மேலே ஒடுங்கிக்கொண்டே போகும் தனிப் பலகையும் வைத்தார். பாஸையும் மிட்டையும் வெவ்வேறு மரத்தில் பிரித்த அந்த முடிவை நான் முழு மனதோடு ஏற்கிறேன். 25 செ.மீ. அகலப் பலகையில் மிட்ரேஞ்சின் மேடு சுமார் 1370 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். குரலின் பெரும்பகுதி அதற்குக் கீழே நிம்மதியாக இருக்கும்.

எந்த அளவீட்டை நம்புவது

இதே அலசலை மைக் வைக்கும் முறைக்கும் செய்தாக வேண்டும். மூடிய பெட்டிக்குப் பழகியவர்கள் இங்கே தவறான படத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள்.

கூம்பை ஒட்டி மைக் வைக்கும் முறையை ஒலிப் பொறியாளர் டான் கீல் 1974இல் விளக்கினார். கூம்பின் ஆரத்தில் 0.11 பங்குக்குள் மைக் இருந்தால் பிழை 1 டெசிபலைத் தாண்டாது. 15 அங்குல ஊஃபருக்கு அது 18 மி.மீ. அறையின் எதிரொலி தொலைந்து, அழகான கோடு வரும். ஆனால் பின்னலையும் சேர்ந்தே தொலைந்துவிடும்! ஓப்பன் பாஃபிளின் 6 டெசிபல் சரிவு இந்தக் கோட்டில் தெரியவே தெரியாது. 35 ஹெர்ட்ஸ் வரை தட்டையாகப் போகிறது என்று மகிழ்ந்து ஈக்வலைசரைத் தொடாமல் விட்டால், கேட்கும் இடத்தில் பாஸ் இருக்காது. கூம்பு, குழி இவற்றின் குணத்தைப் பார்க்க மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். சரிவைக் கணக்கிட்டுத் தனியே சேர்க்க வேண்டும்.

1 மீட்டரில் வைத்து, முதல் எதிரொலி வரும் முன் நேரத்தை வெட்டிக்கொள்வது அடுத்த முறை. ஸ்பீக்கரும் மைக்கும் 1.2 மீட்டர் உயரத்தில் இருந்தால் தரையில் பட்டு வரும் அலை 1.6 மீட்டர் அதிகம் பயணிக்கிறது, 4.7 மில்லிசெகண்ட். ஆகவே 215 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்தக் கோட்டுக்குப் பொருள் இல்லை. ஓப்பன் பாஃபிளுக்குப் பின்சுவரும் கணக்கில் வரும். பலகை சுவரிலிருந்து 60 செ.மீ. தூரத்தில் இருந்தால் பின்னலை 3.5 மில்லிசெகண்டில் திரும்பி வந்து, தரை எதிரொலியையே முந்திவிடும். ஆகவே அளக்கும்போதாவது பலகையை அறை நடுவுக்கு இழுங்கள். மிட்ரேஞ்சுக்கு இதுதான் என் முதல் தேர்வு. நேர் எதிரே, 30, 60, 90 டிகிரி என்று நான்கு கோடுகள் கட்டாயம் எடுப்பேன். 90 டிகிரியில் நன்றாக அடங்கவில்லை என்றால் முன்னும் பின்னும் சமமில்லை, பெரும்பாலும் ஸ்பீக்கரின் காந்தமோ கூடையோ பின்வழியை அடைக்கிறது.

பாஸுக்கு வெளியே திறந்தவெளிக்குத் தூக்கிப்போய், சட்டத்தைத் தரையிலும் மைக்கைத் தரையோடு ஒட்டியும் வைத்து அளப்பதுதான் நேர்மையான வழி. தரை எதிரொலி நேரடி அலையோடு ஒன்றாகவே வந்து சேர்வதால் குழப்பம் இல்லை. இங்கும் ஒரு பொறி உண்டு. எட்டு வடிவ ஒலிமூலத்துக்கு அருகில் போகப் போகப் பாஸ் பெருகிக் காட்டும். 40 ஹெர்ட்ஸில் 1 மீட்டரில் நின்றால் 4.6 டெசிபல் அதிகம் தெரியும், 3 மீட்டரில் 0.8 மட்டுமே. அதனால் மைக்கை 3 மீட்டருக்கு நகர்த்துங்கள். காற்றடிக்காத விடியற்காலை இதற்கு நல்ல நேரம்.

ரூம் ஈக்யூ விசார்ட் என்ற அளவீட்டு மென்பொருள் இலவசம். அதில் ஸ்வீப் (தாழ்விலிருந்து உச்சிவரை ஏறும் சோதனை ஒலி) ஓட்டினால் திரிபும் (ஸ்பீக்கர் தானாகச் சேர்க்கும் ஒலி) தனியே பிரிந்து கிடைக்கும், அதைக் கட்டாயம் பாருங்கள். ஓப்பன் பாஃபிள் மேலே போகப் போக ஆக்டேவுக்கு 6 டெசிபல் எளிதாக ஒலிப்பதால், கூம்பின் ஆட்டத்தில் பிறக்கும் மூன்றாம் மடங்குத் திரிபு அடிப்படை ஒலியைவிட 9.5 டெசிபல் தூக்கிக் கொடுக்கப்படும். பெட்டியில் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஊஃபர் இங்கே கரகரப்பாகக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

பாசிவா, டிஎஸ்பியா

இதில் எனக்கு அதிகம் தயக்கம் இல்லை. பாசிவ் கிராஸ்ஓவரால் (ஆம்புக்குப் பின்னால் காயில், கண்டென்சர் கொண்டு ஒலியைப் பிரிக்கும் சுற்று) பாஸைத் தூக்க முடியாது, மிட்டைத்தான் இறக்க முடியும். க்யூடிஎஸ் (ஒத்ததிர்வு எவ்வளவு அடங்காமல் எழும் என்று காட்டும் எண்) 0.7க்கு மேலுள்ள ஊஃபரை எடுத்தால் அதன் ஒத்ததிர்வு மேடே சரிவின் ஒரு பகுதியை ஈடுகட்டும், தொடரில் வரும் பெரிய காயிலின் மின்தடையும் க்யூவைக் கொஞ்சம் கூட்டி உதவும். ஒரே ஒரு ஆம்போடு எளிமையாக முடிக்க நினைப்பவருக்கு இது நல்ல வழிதான். மற்றவர்களுக்கு டிஎஸ்பியும் (ஒலியை எண்களாக்கித் திருத்தும் கருவி) தனித்தனி ஆம்ப்களும். சரிவை நிமிர்த்துவது, குழியின் கூவலை வெட்டுவது, மிட்டின் மேட்டை அமுக்குவது எல்லாம் மரத்தைத் தொடாமல் நடக்கும். ஆனால் எந்த ஈக்வலைசரும் முழு அலைநீளப் பள்ளத்தை நிரப்பாது. நேர் எதிரே நிரப்பினால் பக்கவாட்டில் மேடாக எழும்.

எல்லாம் முடிந்து அறையில் நிறுத்தும்போது பின்சுவரிலிருந்து 1 மீட்டராவது விடுங்கள். பின்னலை திரும்பி வர 6 மில்லிசெகண்ட் பக்கம் ஆகும், காது அதை நேரடி ஒலியிலிருந்து பிரித்துக்கொள்ளும். அந்த இடத்தில் ஒருமுறை அளந்து, ஒரு வாரம் கேட்டு, மறுபடி அளந்து பாருங்கள். வார்னிஷ் அதுவரை காத்திருக்கட்டும், மிட்ரேஞ்ச் பலகையின் ஓரத்தில் இன்னும் 2 செ.மீ. சீவ வேண்டியிருக்கலாம்.