ஆமைக் குளத்துக்கு ஷீட் வாங்கப் போறீங்களா? 34,000 ரூபாய் போனவ சொல்றேன், படிச்சுட்டுப் போங்க

கோவத்துலதான் எழுதறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. இன்னிக்குக் காலைலதான் அந்தக் கருமத்தை முழுசா உருவி எடுத்து வெளியில போட்டோம். 34,000 ரூபாய். பழைய பேப்பர்காரர் வந்தார், தராசுல வச்சார், 9 கிலோ. ஈரத்தோட 9 கிலோ. "கிலோ பத்து ரூபாய்னு எடுத்துக்கறேன் கண்ணு"ன்னார். 34,000 ரூபாய் சாமானுக்கு இன்னிக்கு மதிப்பு 90 ரூபாய்.

வீட்டுல ஆமை வளர்க்கறவங்க, தோட்டத்துல பள்ளம் வெட்டி ஷீட் போட்டுக் குளம் கட்டலாம்னு இருக்கறவங்க கடைசிவரைக்கும் படிங்க. எதைப் பார்த்து வாங்கறது, எப்படிப் போடறதுன்னு கடைசியில விவரமா சொல்றேன்.

கோயமுத்தூர்ல எங்க வீட்டுக்குப் பின்பக்கம் கொஞ்சம் இடம் இருக்கு. ரெண்டு ரெட் இயர்டு ஸ்லைடர் ஆமை. காதுக்கிட்ட செவப்புக் கோடு இருக்குமே, அது. கடையில குட்டியா உள்ளங்கைல பாதிகூட இருக்காது, யாரும் அது எவ்வளவு வளரும்னு சொல்லித் தரமாட்டாங்க. எங்களுது ரெண்டும் பொண்ணு. பொண்ணு ஆமை ஒரு அடி நீளம் வரைக்கும் வளரும். (நடுவுல ஒண்ணு: நம்ம ஊர் பாலாமை, நட்சத்திர ஆமை இதையெல்லாம் வீட்டுல வச்சிருந்தா 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல கேஸ் ஆகும். யாராவது ஆசையாக் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீங்க.)

முதல்ல சிமெண்ட் தொட்டிதான் இருந்துச்சு. விரிசல் விட்டு ஒழுகுச்சு. மறுபடி சிமெண்ட் பூசினா சுண்ணாம்பு இறங்கித் தண்ணி காரமாகும், அதைப் பல தடவை நிரப்பி நிரப்பிக் கொட்டணும், அதுக்கப்புறமும் விரியாதுன்னு எந்தக் கொத்தனாரும் சொல்ல மாட்டார். அதனாலதான் ரப்பர் ஷீட் பக்கம் போனேன். இபிடிஎம்னு சொல்ற செயற்கை ரப்பர். இழுத்தா நீளும், விட்டா பழையபடி சுருங்கும், வெயிலைத் தாங்கும், பள்ளத்தோட வளைவுக்கெல்லாம் மடங்கி உட்காரும். ஒரு மில்லிமீட்டர் தடிமன் இருந்தா ஆமை நகம் சும்மா படறதுக்கெல்லாம் கிழியாது. ஒரே இடத்துல திரும்பத் திரும்பப் பிராண்டறது, கூர் கல்லு மேல ஆமையோட எடை அழுத்தறது, அடியில பெருச்சாளி கடிக்கறது, இது மூணும்தான் ஷீட்டுக்கு எமன்.

பள்ளம் 12 அடிக்கு 8 அடி, ஆழம் 3 அடி. நீளத்தோட ஆழத்தை ரெண்டு தடவை கூட்டணும், கரை மேல மடிச்சு விட ரெண்டு பக்கமும் ஒவ்வொரு அடி. 20 அடி ஆச்சு. அகலத்துக்கும் அதே கணக்கு, 16 அடி. ஆக 320 சதுர அடி.

எல்லாத்தையும் விக்கிற ஒரு விளம்பரச் செயலி இருக்கு பாருங்க, பேர் வேண்டாம், அதுலதான் இந்த ஷீட் விக்கிறவனைப் பிடிச்சேன். "ஆமை, மீன் குளங்களுக்கு ஒரிஜினல் இபிடிஎம், 10 வருஷம் வாரண்டி"ன்னு போட்டிருந்தான்.

அவன் பேசின பேச்சைக் கொஞ்சம் கேளுங்க. விலையே பேசலை. "எத்தனை ஆமைங்க்கா? ஆணா பொண்ணா?" அதுதான் முதல் கேள்வி. பொண்ணுன்னதும், "அப்படின்னா முட்டை போட மண்ணு தேடும்ங்க்கா. மண்ணு கெடைக்கலைன்னா கரையோரத்தையே பிராண்டிட்டிருக்கும். ஒரு பக்கம் மணல் மேடு விட்டுருங்க, ஷீட்டுக்கும் நல்லது, அதுங்களுக்கும் நல்லது"ன்னான். ஒவ்வொரு வார்த்தையும் சரி! ஆமை விக்கிற கடைக்காரங்ககூட இதை என்கிட்ட சொன்னதில்லை. "எங்க வீட்லயும் ரெண்டு இருக்குதுங்க்கா"ன்னு ஒரு வீடியோ வந்துச்சு. சின்னப் பாப்பா ஒண்ணு ஆமைக்குக் கீரை நீட்டுது. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்னு எங்கம்மா தெனம் திட்டுங்க்கா. எனக்கு இதுங்க வந்தப்புறம்தான் தொழிலே ஓடுது"ன்னு சிரிச்சான். எங்க மாமியார் வாயிலயும் அதே பழமொழிதான் வருஷக்கணக்கா. நானும் சிரிச்சேன்.

அப்புறம் இன்னொரு வீடியோ. கறுப்பு ஷீட்டை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு ஸ்க்ரூடிரைவரால கீறறான், ஒரு கோடுகூட விழலை. அதுல இருந்தது நிஜமான ரப்பர்தான், இப்பப் பார்த்தாலும் தெரியுது. எனக்கு வந்ததுதான் அது இல்லை.

ஷீட் சதுர அடி 75 ரூபாய், 24,000. மண்ணுக்கும் ஷீட்டுக்கும் நடுவுல விரிக்கிற ஜியோடெக்ஸ்டைல் துணி சதுர அடி 10 ரூபாய், 3,200. ஆள்கூலி, வண்டி வாடகை 6,800. "செயலியில கட்டினா கமிஷன் போயிருதுங்க்கா, அதைச் சேர்த்து உங்ககிட்டத்தான் வாங்கோணும். தம்பின்னு நெனச்சு நேராப் போட்டுருங்க." யுபிஐ-ல போட்டேன். 34,000.

ஞாயித்துக்கிழமை வாங்க, நான் இருப்பேன்னு சொல்லியிருந்தேன். நான் ஆபீஸ்ல இருக்கற நாளாப் பார்த்துப் பசங்க ரெண்டு பேர் வந்துட்டாங்க. வீட்டுல மாமியார் மட்டும். சாயந்திரம் வந்து பார்த்தா வேலை முடிஞ்சு, ஓரமெல்லாம் கல்லு அடுக்கி, பள்ளம் கறுப்பா பளபளன்னு இருக்கு. 6,000 லிட்டர் லாரித் தண்ணி வாங்கி நிரப்பினோம். போட்டோ அனுப்பினேன். அவன் சிவப்பு இதயம் அனுப்பினான்.

சில வாரம் போச்சு. ஆமை ஏறி வர்ற சரிவுல கறுப்பு உரிய ஆரம்பிச்சுது. அடியில வெள்ளையா நெசவு தெரியுது. ரப்பர்ல ஏதுங்க நெசவு? வந்தது தார்பாய். பாலித்தீன் நாடாவை நெய்து ரெண்டு பக்கமும் பூச்சு கொடுத்தது, லாரி மேல போட்டு மூடுவாங்களே, அதேதான். இந்த வகையில நல்ல தரத்துலயும் இருக்கு, பண்ணைக்குட்டைக்கு விவசாயிங்க போடறாங்க, அதுக்குன்னே ஐஎஸ் 15351-னு தர முத்திரையும் உண்டு. ஆனா ஆமை நகத்துக்கு அது ஆகாது. மேல் பூச்சு உரிஞ்சா நெசவு வழியாத் தண்ணி கசிஞ்சுக்கிட்டே இருக்கும், ஓட்டை எங்கன்னு தேடினாலும் கெடைக்காது. தண்ணி மட்டம் தினம் இறங்குச்சு, காம்பவுண்டு சுவர் ஊறிப் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். இதுல கொடுமை, உரிஞ்ச கறுப்புத் துணுக்கை ஆமை கொத்தித் திங்குது. குடல்ல அடைச்சுக்கும்னு பயந்து டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினோம். அந்தச் செலவை 34,000-ல நான் சேர்க்கவே இல்லை.

எடைக் கணக்கு இப்பத்தான் புரியுது. ஒரு மில்லி இபிடிஎம் சதுர மீட்டருக்குச் சுமாரா 1.2 கிலோ இருக்கும். 320 சதுர அடின்னா கிட்டத்தட்ட 30 சதுர மீட்டர். 35 கிலோ வந்திருக்கணும், ரெண்டு ஆள் சேர்ந்து இறக்கணும். "ஒத்தப் பையன் தோள்ல போட்டுட்டு போன் பேசிக்கிட்டே வந்தானே"ன்னு மாமியார் சொல்றாங்க.

இன்னிக்குக் காலைல உருவினப்போதான் 3,200 ரூபாய் ஜியோடெக்ஸ்டைல் என்னன்னு பார்த்தோம். பழைய ஃப்ளெக்ஸ் பேனர். "கண்ணீர் அஞ்சலி"ன்னு எழுதி, மாலை போட்டு, யாரோ ஒரு பெரியவர் பள்ளத்துக்குள்ள இருந்து எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார். மாமியார் கும்பிட்டுட்டு உள்ள போயிட்டாங்க. எனக்கு அழுகையா சிரிப்பான்னே தெரியலை.

சரி, அவன்கிட்ட கேட்ட கதை. முதல் தடவை கூப்பிட்டப்போ, "அக்கா, அது மேல்பூச்சுங்க்கா, உள்ளதான் ரப்பர், பயப்படாதீங்க." அடுத்து, "மேடம், வெயில் அதிகமா படுது போல, நெழல்வலை கட்டுங்க." அக்கா மேடம் ஆயாச்சு, கவனிச்சீங்களா? எடையைப் பத்திக் கேட்டேன், "இது புது டெக்னாலஜி மேடம், லைட் வெயிட்." வாரண்டி கேட்டேன், "மிருகங்களால வர்ற சேதத்துக்கு வாரண்டி கெடையாது"ன்னான். ஆமைக் குளத்துக்குன்னு விளம்பரம் போட்டு வித்த ஷீட்டுக்கு ஆமையால வர்ற சேதம் சேராதாம்! அதோட விட்டானா, "ஆமைக்கு நகத்தை ஒட்ட வெட்டி விட்டுருங்க"ன்னான். நகத்துக்குள்ள ரத்தக்குழாய் ஓடுது. அதை வச்சுத்தான் அது கரையேறும், இரையைக் கிழிக்கும். வீட்டுல ரெண்டு ஆமை வளர்க்கறவன் சொல்ற பேச்சா அது? அந்தப் பாப்பா வீடியோவும் எங்கிருந்தோ எடுத்ததா இருக்கும்.

கடைசியாப் பேசினப்போ, "அவ்வளவு தொல்லைன்னா சிங்காநல்லூர் குளத்துல விட்டுருங்கம்மா"ன்னான். தயவுசெஞ்சு யாரும் அதைச் செய்யாதீங்க. இது அமெரிக்காவுல மிசிசிப்பி ஆத்துப் பக்கத்து ஆமை. உலகத்துலயே மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் பட்டியல்ல இது இருக்கு. இதனாலதான் ஐரோப்பிய ஒன்றியம் 1997-லயே இறக்குமதியைத் தடை பண்ணுச்சு. குளத்துல விட்டா நம்ம ஊர் ஆமையோட இடத்தையும் தீனியையும் இது பிடுங்கிக்கும். இப்ப அவன் நம்பர் போகவே மாட்டேங்குது. ஆமையை வீட்டுக்குள்ள விட்டது நான், அவன் வீட்டுக்கு அமீனாவை அனுப்பாம விடறதில்லை.

செயலிக்காரங்க ஒரு தனி ரகம். புகார் போட்டா உடனே, "உங்கள் கருத்துக்கு நன்றி." மறுபடி போட்டா, "பரிவர்த்தனை எங்கள் தளத்துக்கு வெளியே நடந்துள்ளது." ஆளு யாரு, முகவரி என்னன்னாவது கொடுங்கன்னு கேட்டா, தனியுரிமைக் கொள்கையாம். ஏமாத்தினவனுக்குத் தனியுரிமை, எனக்கு 34,000 ரூபாய் நாமம். விளம்பரம் இன்னும் ஓடிட்டிருக்கு, அதே ஸ்க்ரூடிரைவர் வீடியோவோட. பேங்க்ல, நீங்களே அனுப்பின பணம், நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. சைபர் குற்றப் புகார் எண் 1930-ல கேட்டா, பொருள் வந்திருக்கு இல்லையா, இது நுகர்வோர் கோர்ட்டுக்குப் போற விஷயம்னாங்க. "நீயே வெளியில பணம் போட்டுட்டு இப்பப் புலம்பறே"ன்னு சொந்தக்காரங்க வேற. வெளியில போட்டா திருடலாம்னு எந்தச் சட்டத்துல இருக்கு?

விவரமா எழுதறேன்னு சொன்னேன், இப்ப நேரமில்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிடறேன்.

ஷீட் வந்ததும் விரிக்கறதுக்கு முன்னாடி எடை போடுங்க. ஓரத்துல ஒரு துண்டு வெட்டிக் காய்ச்சின ஆணியை வைங்க. பாலித்தீன்னா உருகி நூல் நூலா இழுக்கும், ரப்பர் உருகாது. கையால இழுத்தும் பாருங்க. கூரைக்குன்னு விக்கிற ரப்பர் ஷீட் வேண்டாம், சிலதுல பாசிக்கொல்லி கலந்திருக்கலாம். பள்ளத்துல கூர் கல்லு, வேர் இல்லாம மணல் தட்டி, அதுக்கு மேல நிஜமான ஜியோடெக்ஸ்டைல். ஆமை ஏறி வர்ற இடத்துல வெறும் ஷீட்டை விடாதீங்க, மேல இன்னொரு துண்டு ஷீட் போட்டு அதுமேல முனை மழுங்கின பலகைக் கல் வைங்க. மடிப்பு தூக்கிட்டு நின்னா நகம் மாட்டும். பொடி ஜல்லி போடாதீங்க, முழுங்கிடும். மணல் மேடு விஷயத்துல மட்டும் அந்தத் திருடன் சொன்னது சரி, விட்டுருங்க. விரிக்கும்போது வீட்டுல ஆள் இல்லைன்னா பசங்களைத் திருப்பி அனுப்புங்க. பாதிப் பணத்துக்கு மேல முன்னாடியே கொடுக்காதீங்க.

புகாருக்கு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். 2020 மின்வணிக விதிப்படி விக்கிற தளம் 48 மணி நேரத்துல புகார் வந்ததை ஒப்புக்கணும், ஒரு மாசத்துல தீர்க்கணும், அதை எழுத்துல கேளுங்க. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கெடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. நான் அங்கதான் போறேன்.

இதே மாதிரி ஷீட்ல மாட்டினவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, சேர்ந்து புகார் கொடுக்கலாம். பேர் என்ன, நம்பர் என்னன்னு கேக்காதீங்க, மனு பதிவாகற வரைக்கும் சொல்ல மாட்டேன். ஆமை ரெண்டும் இப்ப துணி ஊற வைக்கிற டப்புல இருக்கு, தண்ணி மாத்தப் போகணும்.