பளபளக்கும் டூரிங் பைக்கா? குரோமை விட்டுவிட்டு ரப்பரைப் பாருங்கள்

பழைய பாணியில் வரும் டூரிங் பைக்கை செகண்ட் ஹேண்டில் எடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். அகலமான சீட், உயரமான விண்ட்ஷீல்டு, இரண்டு பக்கமும் பெட்டி, எங்கு பார்த்தாலும் குரோம். "அதிகம் ஓடாத வண்டி, சர்வீஸ் எல்லாம் முடிந்துவிட்டது, அப்படியே லாங் ரைடு கிளம்பலாம்" என்று சொல்லித்தான் அந்த டீலர் என் தலையில் கட்டினார்.

ஓட்டிப் பார்க்க விட்டார்கள், ஆனால் கடையைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும். அந்த வேகத்தில் எந்தக் குறையும் தெரியாது. பெட்டி நிறைய சாமான், பின்சீட்டில் மனைவி, நெடுஞ்சாலையில் 90-ஐத் தாண்டியதும் வண்டி இடமும் வலமுமாக நெளிய ஆரம்பித்தது. அவ்வளவு கனமான வண்டி நெளிந்தால் பிடித்து நிறுத்த முடியாது. வேகத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி. அன்று இருவரும் உயிரோடு வீடு வந்து சேர்ந்ததே பெரிய விஷயம்.

வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவைத்து ஹேண்டிலை மெதுவாகத் திருப்பச் சொன்னார். நேராக வரும் இடத்தில் டக்கென்று மாட்டி நின்றது. கோன் செட்டில், அதாவது ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்கில், குழி விழுந்திருக்கிறது என்றார். இதைக் கடையிலேயே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

அப்புறம் டயர். பட்டன், அதாவது சாலையில் படும் ரப்பர் கட்டைகள், தேயாமல் நிறைய இருந்தது, பாலிஷ் போட்டுக் கருகருவென்று வைத்திருந்தார்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். அதில் முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். பல டயர்களில் அது ஒரு பக்கம்தான் அச்சாகியிருக்கும், குனிந்து டார்ச் அடித்துத் தேட வேண்டும். என் வண்டியில் 3512. அதாவது 2012-ஆம் ஆண்டின் 35-வது வாரம். பட்டனுக்கு நடுவே விரலால் அழுத்தினால் மெல்லிய வெடிப்புகள் வாய் திறந்தன.

கால்மிதி ரப்பர்கள் புதியவை. கியர் லீவர் ரப்பரை மட்டும் மாற்ற மறந்துவிட்டார்கள் போல, ஒரு பக்கம் இரும்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. மீட்டர் காட்டிய கிலோமீட்டருக்கு அவ்வளவு தேய வாய்ப்பே இல்லை.

டீலரிடம் போய்க் கேட்டால், "ஓட்டிப் பார்த்துத்தானே சார் எடுத்தீங்க?" சரி, செய்ததாகச் சொன்ன சர்வீஸுக்கு பில்லாவது கொடுங்கள் என்றேன். இன்றுவரை வரவில்லை. டயர், கோன் செட் இரண்டையும் என் காசில் மாற்றினேன். வண்டி இப்போது நேராகப் போகிறது. செலவைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.