'டெலிவர்டு' என்று காட்டுகிறது, பார்சல் வரவில்லை: பணம் கைவிட்டுப் போகும் இடங்கள்

செயலியில் பச்சை டிக் விழுந்திருக்கும். இரவு 8.10க்கு டெலிவரி ஆனதாக இருக்கும். வீட்டில் ஆள் இருந்தது, யாரும் அழைப்பு மணியை அடிக்கவில்லை, போனும் வரவில்லை. கஸ்டமர் கேரைக் கூப்பிட்டால் "48 மணி நேரம் பொறுங்க சார், விசாரிச்சுச் சொல்றோம்". பொறுத்திருந்தால் ஒரு மின்னஞ்சல் வரும்: பொருள் உங்களிடம் ஒப்படைக்கப்பட்டது உறுதியாகிவிட்டது, புகார் முடிக்கப்படுகிறது. பார்சல் தொலைந்து பணத்தையும் இழந்தவர்கள் பெரும்பாலும் அந்தப் பொறுமையில்தான் இழக்கிறார்கள்.

முதலில் உள்ளே நடப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். டெலிவரி செய்பவர்களில் பலருக்குப் பார்சல் கணக்கில்தான் கூலி. காலையில் ஹப்பிலிருந்து, அதாவது கூரியரின் கிடங்கிலிருந்து, எடுத்த ஒவ்வொன்றுக்கும் ராத்திரிக்குள் ஒரு முடிவு பதிந்தாக வேண்டும்: கொடுத்தாச்சு, ஆள் இல்லை, முகவரி சரியில்லை, வாடிக்கையாளர் வேறு நாள் கேட்டார். நேரம் தீர்ந்தால் தெருவுக்கே வராமல் "ஆள் இல்லை" என்று போடுபவர் உண்டு. "டெலிவர்டு" அழுத்திவிட்டு மறுநாள் கொண்டுவந்து தருபவரும் உண்டு. வாட்ச்மேனிடமோ முனைக்கடையிலோ வைத்துவிட்டுச் சொல்லாமல் போவதும் வழக்கம். இதெல்லாம் மோசமான சேவை, திருட்டு அல்ல. "ஆள் இல்லை" சில முறை விழுந்துவிட்டால் பார்சல் ஆர்டிஓ (ரிட்டர்ன் டு ஆரிஜின்) ஆகி அனுப்பியவருக்கே திரும்பும். அதற்குள் உங்கள் கால் லாக்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த நேரத்தில் எந்த அழைப்பும் வரவில்லை என்று எழுத்தில் சொல்லுங்கள்.

முகவரியாலும் தொலையும். சென்னையில் பழைய எண், புதிய எண் இரண்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. "12/45" என்று போட்டால் எது பழையது எது புதியது என்று யாருக்கும் விளங்காது. "புதிய எண் 12, பழைய எண் 45" என்று முழுதாக எழுதுங்கள். அண்ணா நகர் சென்னையிலும் (600040) இருக்கிறது, மதுரையிலும் (625020) இருக்கிறது. பின்கோடில் ஓர் இலக்கம் பிசகினால் பார்சல் வேறு ஊர் ஹப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"டெலிவர்டு" என்று பார்த்த அன்றே செய்ய வேண்டியவை. டிராக்கிங் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை தேதி, நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நிலைக்குறிப்பு பின்னால் மாறலாம். வாட்ச்மேன், எதிர்வீடு, கீழ்வீடு என்று விசாரியுங்கள். பல கேஸ் அங்கேயே முடிந்துவிடும். அபார்ட்மென்ட் என்றால் சங்கச் செயலாளரிடம் கேட்டு, டெலிவரி ஆனதாகச் சொல்லும் நேரத்துக்கு அரை மணி முன்னும் பின்னுமான சிசிடிவி காட்சியை நகலெடுத்து வாங்குங்கள். டிஸ்க் நிரம்பியதும் ரெக்கார்டர் பழைய காட்சியின் மேலேயே பதிவு செய்யும். அடுத்த வாரம் கேட்டால் இருக்கும் என்று நம்பாதீர்கள். வராத ஆளை வந்ததாகச் சொல்லும் நிறுவனத்துக்கு இதைவிடப் பலமான பதில் கிடையாது.

அதே நாளில் டெலிவரிச் சான்று, அதாவது பிஓடி கேட்டு எழுதுங்கள். "விவரம் தாருங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். கையெழுத்து இட்டது யார், படம் எடுத்திருந்தால் அந்தப் படம், ஓடிபி எத்தனை மணிக்கு உள்ளிடப்பட்டது, அப்போது டெலிவரி செய்தவரின் ஜிபிஎஸ் இருப்பிடம் எது என்று நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். யாருடைய வாசற்படியையோ படம் எடுத்துப் போட்டிருப்பார்கள். அது உங்கள் வாசல் இல்லை என்றால் உங்கள் வாசலையும் படம் எடுத்துப் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள்.

ஓடிபி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கடுமையாகவே இருக்க வேண்டும். "கேன்சல் பண்ணணும், ஓடிபி சொல்லுங்க", "கீழே நிக்கிறேன், நம்பர் சொல்லுங்க மேடம், மேலே வந்துடறேன்" என்று போனில் கேட்டால் சொல்லாதீர்கள். வந்த குறுஞ்செய்தியை முழுதாகப் படியுங்கள், எதற்கான எண் என்று அதிலேயே எழுதியிருக்கும். டெலிவரி ஓடிபியைச் சொல்லிவிட்டால் பார்சல் உங்கள் கைக்கு வந்ததாகவே கணக்கு. அதற்கப்புறம் வாதாடுவது மிகக் கடினம். ஓப்பன் பாக்ஸ் டெலிவரி என்றால் பெட்டியைப் பிரித்து, பொருளைப் பார்த்த பிறகே எண்.

இனி, பணத்துக்குப் பொறுப்பு யார்? கூரியர்காரர் பின்னால் ஓடி நாட்களை வீணாக்காதீர்கள். நீங்கள் பணம் கொடுத்தது விற்பவருக்கும், ஆர்டர் போட்ட ஆன்லைன் தளத்துக்கும். கூரியரை அமர்த்தியது அவர்கள். "கூரியர் கம்பெனியைக் கேளுங்க" என்று தளம் சொல்வது தட்டிக்கழிக்கும் பேச்சு. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகளின்படி ஒவ்வொரு தளமும் குறைதீர் அலுவலரை நியமித்து, பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்திலேயே வெளியிட வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவரது முகவரி, தளத்தின் அடிப்பகுதியில் பொடி எழுத்தில் இருக்கும். சாட்டில் பேசுகிறவர் தானாகத் தர மாட்டார். சாட்டில் புகார் எண் வாங்கி, உரையாடலை நகலெடுத்து வைத்துக்கொண்டு, உடனே அந்த முகவரிக்கு எழுதுங்கள். நீளமாக வேண்டாம், இவ்வளவு போதும்:

"ஆர்டர் எண் ____, தொகை ரூ.____, பணம் செலுத்திய நாள் ____. ____ அன்று இரவு 8.10க்கு டெலிவரி செய்ததாக உங்கள் செயலி காட்டுகிறது. பொருள் என்னிடம் வரவில்லை. ஓடிபி யாரிடமும் தரவில்லை. அந்த நேரத்துக்கான சிசிடிவி காட்சி என்னிடம் உள்ளது. கையெழுத்து, படம், ஓடிபி நேரம், ஜிபிஎஸ் இருப்பிடம் ஆகியவற்றை அனுப்புங்கள். முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். என் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் புகாரை முடிக்க வேண்டாம்."

பதில் வராவிட்டாலும், வந்த பதில் மழுப்பலாக இருந்தாலும், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வாட்ஸ்அப்பில் 8800001915. இது தீர்ப்பு சொல்லும் இடம் அல்ல, புகாரை நிறுவனத்துக்குத் தள்ளிப் பதில் கேட்கும் இடம். ஆனால் பெரிய தளங்கள் அங்கிருந்து வரும் புகாரைச் சாட்டில் வருவதைப் போல அலட்சியம் செய்வதில்லை. கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கியிடம் "பொருள் கிடைக்கவில்லை" என்று சார்ஜ்பேக், அதாவது வங்கி வழியாகப் பணத்தைத் திரும்ப, கேட்கலாம். அதற்குக் கெடு உண்டு என்பதால் தளத்தின் "விசாரணை" முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இன்ஸ்டாகிராமில் புடவை, நைட்டி, மசாலாப்பொடி விற்கும் கணக்குகளில் நடப்பது வேறு ரகம். அங்கே பார்சல் தொலைவதே இல்லை, ஏனென்றால் சில பேர் அனுப்புவதே இல்லை. ஜிபேயில் முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு டாக்கெட் எண், அதாவது பார்சலின் டிராக்கிங் எண், தருவார்கள். அது நிஜமான எண்தான், உங்கள் பின்கோடுக்கே வந்து "டெலிவர்டு" என்றும் காட்டும். உங்கள் பகுதியில் வேறு யாருக்கோ போன ஏதோ ஒரு உறையின் எண் அது. எண்ணைப் பெற்றவுடன் மூன்றைப் பாருங்கள்: பதிவு செய்த தேதி உங்கள் ஆர்டருக்கு முந்தையதா, பதிவான ஊர் விற்பவர் சொன்ன ஊர்தானா, கட்டணமோ எடையோ தெரிந்தால் அது பொருளுக்குப் பொருந்துகிறதா. மூன்று புடவை 50 கிராமில் வராது. ஸ்பீடு போஸ்ட் எண் என்றால் மொத்தம் 13 இடங்கள்: முன்னால் ஆங்கில எழுத்து இரண்டு, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் 'ஐஎன்'. அந்த எண்ணோடு உங்கள் பகுதி டெலிவரி தபால் நிலையத்துக்கு நேரில் போனால், அது யாருக்கு வந்த பார்சல் என்பதை அவர்கள் பதிவில் பார்க்க முடியும். உங்கள் பெயருக்கு வரவே இல்லை என்று தெரிந்தால் இது டெலிவரித் தகராறு இல்லை, மோசடி. சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு உடனே கூப்பிடுங்கள்; பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்பு இருப்பது ஆரம்ப மணி நேரங்களில்தான்.

பார்சலைத் தொலைத்தவர்களுக்கென்றே இன்னொரு வலையும் விரித்து வைத்திருக்கிறார்கள். பதற்றத்தில் கூரியர் பெயரோடு "கஸ்டமர் கேர் நம்பர்" என்று தேடினால் மேலே வரும் எண்களில் சில மோசடிக்காரர்கள் போட்டவை. பேச்சு மரியாதையாக இருக்கும். "ரீ-டெலிவரிக்கு அஞ்சு ரூபா மட்டும் கட்டுங்க" என்று லிங்க் வரும், அல்லது திரையைப் பகிரும் செயலி ஒன்றை இறக்கச் சொல்வார்கள். போவது ஐந்து ரூபாய் அல்ல. எண்ணை ரசீதிலிருந்தோ நிறுவனத்தின் சொந்தச் செயலியிலிருந்தோ மட்டும் எடுங்கள். "முகவரி முழுமையாக இல்லை, பார்சல் கிடங்கில் நிற்கிறது, லிங்க்கில் திருத்துங்கள்" என்று இந்தியா போஸ்ட் பெயரில் வரும் குறுஞ்செய்தியும் பொய். தபால் துறையின் உண்மையான உதவி எண் 1800 266 6868.

இன்னொன்று, "டெலிவரி பாய் நம்பர் அனுப்பறேன், ஸ்டார் 21 ஸ்டார் போட்டு இந்த நம்பரை டயல் பண்ணுங்க" என்பது. டயல் செய்தால் உங்கள் அழைப்புகள் எல்லாம் அவர்கள் போனுக்குத் திரும்பிவிடும். வங்கி, வாட்ஸ்அப் ஓடிபிகளை அழைப்பு வழியாகக் கேட்டு எடுத்துக்கொள்வார்கள். செய்துவிட்டீர்கள் என்றால் ##002# டயல் செய்தால் எல்லா ஃபார்வர்டிங்கும் நீங்கும். "உங்கள் பார்சலில் போதைப்பொருள், டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டினால் இணைப்பைத் துண்டியுங்கள். அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது.

நீங்களே அனுப்பிய பார்சல் தொலைந்தால் கதை மாறுகிறது. கூரியர் ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் "எங்கள் பொறுப்பு ரூ.100 வரை" என்பது போல ஒரு வரி இருக்கும். பாரதி நிட்டிங் நிறுவனத்துக்கும் டிஎச்எல்லுக்கும் இடையிலான வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், அனுப்பியவர் கையெழுத்திட்டிருந்ததால் 100 டாலர் வரம்பு அவரைக் கட்டும் என்றது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். பொருளின் மதிப்பை ரசீதில் எழுதச் சொல்லுங்கள், விலை உயர்ந்ததென்றால் காப்பீடு கேளுங்கள். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டம் லாரி பார்சல் சர்வீஸை மட்டுமல்ல, கூரியரையும் கட்டுப்படுத்தும். அதன்கீழ் வழக்குப் போடுமுன், பார்சல் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துபூர்வ அறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். தொலைந்தது தெரிந்த நாளிலிருந்து அல்ல, பதிவு செய்த நாளிலிருந்து. "தேடிக்கிட்டிருக்கோம்" என்று மாதக்கணக்கில் இழுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு ஒரு பக்கக் கடிதம் போதும். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீடு போஸ்டோடு இணைந்துவிட்டதால் கவுன்டரில் அந்த வசதியைக் கேட்டு வாங்குங்கள்.

தபால் துறையிடம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். 2023ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம், விதிகளில் சொன்ன அளவுக்கு மேல் இழப்புக்குத் துறை பொறுப்பில்லை என்கிறது. ஸ்பீடு போஸ்ட் தொலைந்தால் துறையின் சேவை உறுதிமொழியான குடிமக்கள் சாசனம் தருவது கட்டணத்தின் இரு மடங்கு அல்லது ரூ.1,000, இரண்டில் எது குறைவோ அது. நகை, கைப்பேசி, அசல் சான்றிதழ் எல்லாம் காப்பீடு இல்லாமல் அனுப்பத் தக்கவை அல்ல.

எதற்கும் மசியாதவர்கள் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும். பொருளுக்குக் கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டு. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். விற்பவர், தளம் இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் இன்னொருவர் அவர்மேல் கை காட்டுவார். ரசீது, பணம் செலுத்திய சான்று, ஸ்கிரீன்ஷாட்கள், மின்னஞ்சல்கள், 1915 புகார் எண் ஆகியவற்றைத் தேதி வரிசையில் இணையுங்கள். சிசிடிவி காட்சியைப் பென் டிரைவில் கொடுக்கும்போது பாரதிய சாட்சிய சட்டம் 63(4) பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழையும் சேர்த்துவிடுங்கள். அதில் ரெக்கார்டரைப் பராமரிப்பவரின் கையெழுத்து வேண்டியிருக்கும் என்பதால், நகல் எடுக்கிற அன்றே சங்கச் செயலாளரிடம் சொல்லி வைப்பது நல்லது.