திகதியா, ஒப்பந்தமா, வரியா: ஒன்ராறியோ முயன்று பார்த்த மூன்று வழிகள்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக் கூரையின் தெற்குச் சரிவில் 2011 ஆம் ஆண்டு முதல் சூரிய மின்தகடுகள் இருக்கின்றன. அவை தரும் மின்சாரம் முழுவதும் தனி மீற்றர் ஒன்றின் வழியே வெளிக்கம்பிக்குப் போய்விடுகிறது. ஓர் அலகுக்கு 80.2 சதம் என்ற கணக்கில் எங்களுக்குப் பணம் வருகிறது. எங்கள் குளிர்சாதனப் பெட்டிக்கும் விளக்குகளுக்கும் அதே கம்பியிலிருந்து நாங்கள் வாங்கும் மின்சாரத்தின் விலையோ இதில் ஒரு சிறு பங்குதான். அண்மையில் வீடு வாங்கிய மருமகனுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கியபோது, "அரசாங்கம் ஏன் மாமா இப்படியொரு நட்டக் கணக்குக்குக் கையெழுத்துப் போட்டது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடப் போய், நிலக்கரியையும் எண்ணெயையும் எரிவாயுவையும் விட்டு ஒரு நாட்டை நகர்த்துவதற்கு அரசுகள் கையாளும் மூன்று வழிகளையும் இந்த ஒரே மாகாணத்தில், பெரும்பாலும் ஒரே தலைமுறைக்குள், நான் நேரில் கண்டிருக்கிறேன் என்பது உறைத்தது.

முதலாவது வழி, திகதி குறித்து மூடுவது: இன்ன நாளுக்குப் பிறகு நிலக்கரியை எரிக்கக் கூடாது என்று சட்டம் போடுவது. இரண்டாவது, நீண்டகால ஒப்பந்தம்: சூரியனிலிருந்தோ காற்றிலிருந்தோ மின்சாரம் தருபவருக்கு 20 ஆண்டுகளுக்கு நிலையான விலை தருவதாக எழுதிக் கொடுப்பது. மூன்றாவது, விலை வைப்பது: புகைக்கு வரி விதித்தோ, புகை விடும் அனுமதிகளை ஏலம் போட்டோ மக்களையும் நிறுவனங்களையும் தாமாகவே மாறச் செய்வது. மூன்றில் விலை வைப்பதே மலிவானது என்று பொருளியல் பாடநூல்கள் சொல்லும். எங்கே குறைப்பது எளிதோ அங்கே முதலில் குறையும் என்ற அந்த வாதத்தை நான் மறுக்கவில்லை. கூரைச் சூரிய மின்சாரம் அந்தக் காலத்தில் விலை கூடியது என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. அவற்றை இங்கே நீட்ட வேண்டிய தேவையில்லை. நான் நிறுத்துப் பார்க்க விரும்புவது வேறொன்றை: ஆட்சி மாறினால் அந்தத் திட்டம் என்ன ஆகிறது? புகை குறைப்பு என்பது முப்பது, நாற்பது ஆண்டு வேலை. எந்த அரசாங்கமும் அவ்வளவு காலம் நாற்காலியில் இருப்பதில்லை. அடுத்து வருபவர் ஒரே கையெழுத்தில் கலைத்துவிடக் கூடிய திட்டம் எவ்வளவு அழகாக வரையப்பட்டிருந்தாலும் அதன் ஆயுள் நான்கு ஆண்டுதான்.

அந்தத் தராசில் விலை வைக்கும் வழி இங்கே இரண்டு முறை தோற்றது. மாகாண லிபரல் அரசு 2017 சனவரி 1 முதல் அனுமதி ஏல முறையைத் தொடங்கி, ஓராண்டில் அதைக் கியூபெக், கலிபோர்னியா சந்தைகளுடனும் இணைத்தது. 2018 சூனில் டக் போர்ட் தலைமையிலான பழமைவாதக் கட்சி ஆட்சிக்கு வந்தது. சூலை 3 ஆம் திகதி ஓர் ஒழுங்குவிதியால் முழுமுறையும் நீக்கப்பட்டது. இணைந்து ஆறு மாதங்கள்தான் ஆகியிருந்தன. நிறுவனங்கள் ஏலத்தில் ஏறத்தாழ 2.9 பில்லியன் டொலர் கொடுத்து வாங்கிய அனுமதிகள் கையில் இருக்க, அவற்றைச் செலுத்துவதற்கான சந்தை இல்லாமல் போயிற்று. ஏலப் பணத்தில் நடந்துவந்த வீட்டு யன்னல் மாற்றும் மானியமும் மின்கார் மானியமும் அதே கோடையில் நின்றன.

மாகாணம் விலக்கியதை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. 2019 ஏப்ரலில் வெளிவிடும் காபன் புகையின் தொன்னுக்கு 20 டொலர் என்று தொடங்கிய எரிபொருள் கட்டணம், அதாவது மக்கள் வாயில் காபன் வரி, 2024 இல் 80 டொலராகி, பெற்றோல் லீற்றருக்கு 17.6 சதமாக உயர்ந்தது. திரட்டிய பணத்தில் பெரும்பங்கு குடும்பங்களுக்கே திரும்பி வந்தது. 2024-25 இல் ஒன்ராறியோவில் நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,120 டொலர். எங்களைப் போலச் சிறிய கார் ஒன்றை வைத்திருக்கும் வீடுகளுக்கு அது நட்டமில்லை. ஆனால் கட்டணம் ஒவ்வொரு முறை பெற்றோல் அடிக்கும்போதும் கண்ணில் பட்டது. திரும்பி வந்த பணமோ தொடக்க ஆண்டுகளில் வருமான வரிக் கணக்கோடு கலந்து வந்தது, 2022 முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வங்கிக் கணக்கில் சத்தமில்லாமல் விழுந்தது, அது எதற்கான பணம் என்பதே பலருக்கு விளங்கவில்லை. கோயிலிலும் கலியாண வீட்டிலும் காபன் வரியைத் திட்டிய நண்பர்களிடம் அந்தப் பணம் உங்களுக்கும் வருகிறதே என்று சொன்னால், அது வேறு ஏதோ பணம் என்று நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொல்வார்கள். இதற்கிடையே, வரியைக் கண்டிக்கும் ஒட்டுத்தாள் ஒன்றை எல்லாப் பெற்றோல் பம்புகளிலும் ஒட்ட வேண்டும் என்று மாகாண அரசு சட்டம் போட்டது. அந்தத் தாள்கள் சரியாக ஒட்டாமல் உரிந்து விழுந்தன. 2020 இல் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. வரி செல்லும் என்று உச்ச நீதிமன்றமே 2021 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அப்படியிருந்தும் அது நிலைக்கவில்லை. 2023 ஒக்டோபரில் வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய்க்கு மட்டும் மூன்று ஆண்டு விலக்கு அளித்தபோதே முதல் விரிசல் விழுந்துவிட்டது. எரிவாயுவில் சூடாக்கும் எங்களுக்கு ஏன் இல்லை என்ற கேள்விக்கு எவரிடமும் நல்ல பதில் இருக்கவில்லை. 2025 மார்ச் 14 அன்று, பிரதமராகப் பதவியேற்ற அதே நாளில், மத்திய லிபரல் கட்சியின் மார்க் கார்னி அதை நீக்கக் கையெழுத்திட்டார். ஏப்ரல் 1 முதல் நுகர்வோர் கட்டணம் பூச்சியமானது. கொண்டுவந்த கட்சியே கைவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். பெருந்தொழிற்சாலைகளுக்கான காபன் விலை தொடர்கிறது என்பதால் இந்த வழி முற்றிலும் செத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விலை எப்படி நடக்கிறது என்பதை என் போன்ற குடும்பத்தலைவர் நேரில் காண வாய்ப்பில்லை.

ஒப்பந்த வழி நான் தேர்ந்தெடுத்தது. 2009 இல் வந்த பசுமை ஆற்றல் சட்டத்தின்கீழ் 10 கிலோவாற்றுக்கு உட்பட்ட கூரைகளுக்கு 80.2 சதம் என்று அறிவித்தபோது, ஒரு தகட்டு அமைப்புக்கு இன்றைய விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், எட்டாண்டு, ஒன்பதாண்டில் முதல் மீளும் என்று தெரிந்தது, கடன் எடுத்தேன். பராமரிப்புச் செலவு விளம்பரங்களில் சொன்னதைவிடச் சற்றுக் கூட. பதினோராம் ஆண்டில், தகடுகளின் மின்சாரத்தை வெளிக்கம்பிக்கு ஏற்றதாக மாற்றும் இன்வேர்ட்டர் பழுதானது. பொருத்திய நிறுவனம் அதற்கு முன்பே கடையை மூடியிருந்தது. கூரை ஓடுகளை மாற்ற வேண்டி வந்தபோது தகடுகளைக் கழற்றி மறுபடி பூட்டுவதற்குத் தனிக் கூலி. வருமானத்துக்கு வரியும் உண்டு. இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு இலாபந்தான்.

மாகாணத்துக்கு இலாபமா என்பதில்தான் தயங்குகிறேன். முந்தைய கொள்முதல் முறையில் வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட, நிலையான விலை ஒப்பந்தங்களால் 20 ஆண்டுகளில் 9.2 பில்லியன் டொலர் கூடுதலாகும் என்று மாகாணக் கணக்காய்வாளர் நாயகம் 2015 இல் எழுதினார். உள்ளூர்ப் பாகங்களையே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையை ஜப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் உலக வர்த்தக நிறுவனத்தில் எதிர்த்து வென்றன. தகடுகளின் விலை சரியச் சரிய, புதிதாகச் சேருபவர்களுக்கான விலை 2012 இல் 54.9 சதமாகவும் அடுத்த ஆண்டு 39.6 சதமாகவும் இறக்கப்பட்டது. 2017 முடிவில் கதவு சாத்தப்பட்டது. இருந்தாலும் நான் சொல்லும் தராசில் ஒப்பந்தம் பாதி வென்றது. போர்ட் அரசு 2018 சூலையில் இன்னும் கட்டத் தொடங்காத 758 ஒப்பந்தங்களை ரத்துச் செய்தது. பிரின்ஸ் எட்வேர்ட் கவுன்ரியில் கட்டுமானம் நடந்துகொண்டிருந்த ஒரு காற்றாலைப் பண்ணையைத் தனிச்சட்டம் போட்டே நிறுத்தியது. 2019 சனவரி 1 இல் பசுமை ஆற்றல் சட்டமே நீங்கியது. ஆனால் ஓடிக்கொண்டிருந்த எங்கள் கூரைகளை எவரும் தொடவில்லை. ஈன்ற சட்டம் போன பிறகும் பிள்ளையாகிய ஒப்பந்தம் உயிரோடிருக்கிறது. எதிர்த்து வாக்குக் கேட்டவர்களே 2021 முதல் அந்த ஏறத்தாழ 33,000 ஒப்பந்தங்களின் செலவில் பெரும்பகுதியை மின்கட்டணத்திலிருந்து எடுத்து மாகாணக் கருவூலத்தின் தலையில் வைத்து, தொடர்ந்து கட்டி வருகிறார்கள். கையெழுத்திட்ட வரைக்கும் பாதுகாப்பு. கையெழுத்திடாத அடுத்த வீட்டுக்காரருக்கு ஒன்றும் இல்லை.

என் கூரையில் ஒப்பந்தம் இருந்தாலும், ஒரு நாட்டுக்கு எதைப் பரிந்துரைப்பாய் என்று கேட்டால் நான் முதலாவது வழியைத்தான் சொல்வேன். 2003 இல் ஒன்ராறியோவின் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது. ஈரி ஏரிக் கரையில் இருந்த நான்ரிகோக், ஏறக்குறைய 4,000 மெகாவாற் கொள்ளளவுடன், வட அமெரிக்காவின் மிகப் பெரிய நிலக்கரி மின்நிலையமாக இருந்தது. கோடையில் ரொறன்ரோ வானம் மங்கிய மஞ்சளாகத் தெரியும்; ஈழை நோய் உள்ள பிள்ளைகளைப் பாடசாலையில் வெளியே விளையாட விடமாட்டார்கள். 2005 இல் மட்டும் மாகாணத்தில் 53 நாட்கள் புகைமூட்ட எச்சரிக்கை நாட்களாக இருந்தன. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும்: நிலக்கரிக்கு எதிரான வழக்கை முன்னின்று நடத்தியது புவி வெப்பமடைதல் அன்று, நெஞ்சுச்சளியும் இழுப்பும். மருத்துவர்கள் பேசினார்கள், தாய்மார் கேட்டார்கள். நூறாண்டு கழித்து வரும் கேட்டைவிட, இன்றிரவு இருமும் பிள்ளை அரசியலில் வலுவான சாட்சி.

அதனால்தான் 2003 தேர்தலில், நான் குடியுரிமை பெற்று முதன்முதலாக வாக்களித்தபோது, நிலக்கரி குறித்து எனக்குத் தெரிவு இருக்கவில்லை. லிபரல் கட்சியின் டால்ரன் மக்கின்ரி 2007 க்குள் மூடுவதாகச் சொன்னார். புதிய ஜனநாயகக் கட்சியும் மூடுவோம் என்றது. ஆட்சியில் இருந்த பழமைவாதக் கட்சி 2015 என்றது. மிசிசாகாவில் இருந்த லேக்வியூ நிலையம் 2005 ஏப்ரலுடன் நிலக்கரியை நிறுத்த வேண்டும் என்று அதே பழமைவாத அரசு 2001 இலேயே ஒழுங்குவிதி போட்டிருந்தது. எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்றில் சண்டை திகதியைப் பற்றி மட்டுமே நடந்தது. காபன் வரிக்கு அப்படி ஒரு நாள்கூட வாய்க்கவில்லை.

திகதி ஒழுங்காகக் காப்பாற்றப்பட்டது என்று சொன்னால் பொய். 2007 என்பது 2009 ஆகி, பிறகு 2014 ஆனது. வாக்குறுதி மீறல் என்று அப்போது நானும் திட்டினேன். இப்போது யோசித்தால் அந்த நழுவலில் ஒரு விவேகம் இருந்ததாகப் படுகிறது. மூடுவதற்கு முன் ஈடு வேண்டும். புரூஸ் அணுமின் நிலையத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த உலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின, கடைசி இரண்டும் 2012 இல். எரிவாயு நிலையங்கள் எழுந்தன. காற்றும் சூரியனும் ஒரு பங்கு, சிக்கனம் ஒரு பங்கு. ஆகவே என் கூரையின் பங்கு எவ்வளவு என்று கேட்டால், பெருமைப்பட அதிகம் இல்லை. நிலக்கரியின் இடத்தை நிரப்பியதில் முதல் மரியாதை அணுவுக்கே. 2007 இல் வந்த ஒழுங்குவிதி 2014 முடிவைக் கடைசி நாளாக எழுதிவைத்தது. அதன் பிறகு திகதி பின்னால் போகவில்லை, முன்னால் வந்தது. லாம்ரன் நிலையமும் நான்ரிகோக்கும் 2013 இல் நின்றன. 2014 ஏப்ரலில் தண்டர் பே நிலையத்தில் கடைசி நிலக்கரி எரிந்து முடிந்தது. அந்த ஆண்டு புகைமூட்ட எச்சரிக்கை ஒன்றுகூட விடுக்கப்படவில்லை.

நான் சொல்லும் தீர்மானமான அம்சம் இதன் பிறகுதான் தெரிந்தது. 2018 பெப்ரவரியில் நான்ரிகோக்கின் இரட்டைப் புகைபோக்கிகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். நான்கு மாதம் கழித்து ஆட்சி மாறியது. புதிய அரசு ஏலத்தைக் கலைத்தது, மானியங்களை நிறுத்தியது, ஒப்பந்தங்களை ரத்துச் செய்தது. நிலக்கரிக்கு மட்டும் திரும்பவில்லை. திரும்ப நினைத்திருந்தாலும் கொதிகலன் எங்கே, கரி இறக்கும் துறை எங்கே, வேலை தெரிந்தவர்கள் எங்கே? ஒரு வரியைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு பேனா போதும்; ஒரு மின்நிலையத்தைத் திரும்பப் பெறுவதற்குப் பல பில்லியனும் பத்து ஆண்டும் வேண்டும். இன்று அந்த நிலத்தில் 44 மெகாவாற் சூரியப் பண்ணை இருக்கிறது, முன்பிருந்ததோடு ஒப்பிட்டால் அணில் அளவு.

இதை எல்லா இடத்துக்கும் பொருத்திவிட முடியுமா என்று கேட்டால் எனக்குத் தயக்கம் உண்டு. ஐந்து நிலக்கரி நிலையங்களும் மாகாணத்துக்கே சொந்தமான ஒன்ராறியோ பவர் ஜெனரேஷனிடம் இருந்தன. உரிமையாளரே மூடுகிறார் என்றால் இழப்பீட்டு வழக்கு இல்லை. தனியாரிடம் நிலையங்கள் உள்ள நாட்டிலும், சுரங்கத்தையே நம்பி வாழும் ஊர்கள் உள்ள நாட்டிலும் இந்தக் கதை வேறு விதமாகப் போகும். ஒன்ராறியோவில் நிலக்கரிச் சுரங்கமே இல்லை, எரித்தது முழுவதும் வெளியிலிருந்து வந்தது. மேலும், ஒரு சில புகைபோக்கிகளுக்குக் குறித்த திகதியும் கோடிக்கணக்கான மக்கள் வாங்கும் பொருளுக்குக் குறித்த திகதியும் ஒன்றல்ல. 2026 இல் விற்கும் புதிய கார்களில் 20 சதவீதம் புகையற்றதாக இருக்க வேண்டும் என்று 2023 இறுதியில் மத்திய அரசு விதித்தது. 2025 செப்டெம்பரிலேயே அந்த இலக்கை நிறுத்தி வைத்தது. அங்கே தகர்ப்பதற்குப் புகைபோக்கி இல்லை.

எரிவாயு நிலையங்களுக்கு ஒன்ராறியோ இன்னும் இப்படியொரு திகதி குறிக்கவில்லை. நிலக்கரியின் இடத்தில் வந்தவை அவை, இப்போது கூடுதலாக ஓடுகின்றன. மருமகனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: 80.2 சதம் என்பது அவசரத்தில் கொடுத்த கூலி, அதைக் கொடுத்தவர்கள் போய்விட்டார்கள், எங்களுக்கு 2031 வரை வரும். அவர் தன் கூரைக்குத் தகடு போட்டால் அந்த விலை கிடைக்காது. விற்பதை மின்கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் முறைதான் உண்டு, தகடு மலிந்துவிட்டதால் அதுவும் மோசமில்லை. கூரை ஓடுகளை முதலில் மாற்றிவிட்டுப் பிறகு தகடு போடும்படி மட்டும் சொல்லியிருக்கிறேன்.